ஒரே வருஷத்தில் பிறந்த ரெண்டு பேர்: ஜிம்மி மெக்ரோரியும் முகமது சலீமும்

எங்க பக்கத்துத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளை வரிசையா வாசித்துக்கொண்டே போனால் ஸ்கொட்லாந்து வரைபடத்தில் பாதியைப் பார்த்து முடித்துவிடலாம். மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ரத்ஸ்பே, கிளென்டில்ட். டிக்கோயாப் பக்கம் டன்கெல்ட், இன்வெரி. தலவாக்கலையில் ஹோலிரூட், நானுஓயாவில் எடின்பரோ. நோட்டன் பிரிட்ஜிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் போனால் அபர்டீன் நீர்வீழ்ச்சி. வாயில் நுழையாத பெயருக்கு நம்ம ஆட்கள் வேறு பெயரே வைத்துக்கொண்டதும் உண்டு. டல்ஹவுசி எங்களுக்கு நல்லதண்ணி.

பெயரைக் கொண்டுவந்த ஸ்கொட்லாந்துக்காரர்கள் தேயிலையையும் கொண்டுவந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867. அதே 1867 ஜூலையில்தான் கிளாஸ்கோவில் குயின்ஸ் பார்க் என்ற கழகம் தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் முதல் உதைபந்தாட்டக் கழகம் அது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஒரே நாட்டுக்காரர்கள் ஒரே வருஷத்தில் தொடக்கி வைத்த ரெண்டு விஷயங்களில் எங்களுக்கு வந்து சேர்ந்தது எது, வராமல் போனது எது என்று கேட்டுப்பார்க்க அது நல்ல இடம்.

பந்து ஆசியாவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. 1888 இல் சிம்லாவில் முதல் டியூராண்ட் கிண்ணம் நடந்தது. இறுதி ஆட்டத்தில் ரோயல் ஸ்கொட்ஸ் ஃபியூசிலியர்ஸ் அணி ஹைலண்ட் லைட் இன்ஃபன்ட்ரி அணியை 2–1 என்று வென்றது. ரெண்டுமே ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவுகள். நம்ம மலையிலும் துரைமாருக்குக் கிளப்புகள் இருந்தன, தரவளையில் பச்சைப் பசேலென்று மைதானம் இருந்தது. எங்க தாத்தாமார் அங்கே போனது வேலைக்கு.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பேசப்போவது அந்தத் துரைமாரைப் பற்றி இல்லை. ஸ்கொட்லாந்திலேயே நம்மைப்போலப் பிழைக்க வந்த கூலிச் சனம் ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தார். பெயர் ஜிம்மி மெக்ரோரி. அவர் ஆடிய அதே கழகத்துக்கு 1936 இல் கல்கத்தாவிலிருந்து ஒரு ஆள் சப்பாத்து இல்லாமல் போய் ஆடினார். பெயர் முகமது சலீம். ரெண்டு பேரும் பிறந்தது 1904.

பஞ்சத்தில் வந்தவர்களின் கழகம்

1845 இலிருந்து சில வருஷங்கள் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம். லட்சக்கணக்கான ஆட்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். பக்கத்தில் இருந்த கிளாஸ்கோவுக்கும் ஏராளமானோர் வந்தார்கள். ஆலை, சுரங்கம், கப்பல்துறை என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரர்களில் பெரும்பாலானோர் புரட்டஸ்தாந்துகாரர். வந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். குறைந்த கூலிக்கு வேலை செய்ய வந்த வெளியாட்கள் என்று உள்ளூர்க்காரர்கள் அவர்களை வெறுத்தார்கள்.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு 1876 ஞாபகம் வருகிறது. அந்த வருஷம் தொடங்கிய சென்னை மாகாணப் பஞ்சத்தில் கிளம்பி, மன்னார் வழியாக நடந்து மலைக்கு வந்த சனம்தான் நம்மில் பல பேருடைய மூத்த தலைமுறை. கங்காணியின் கடனோடு வந்து, லயத்துக் காம்பராவில் அடைந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள்.

கிளாஸ்கோவில் ஒரு வித்தியாசம் நடந்தது. வோல்ஃப்ரிட் என்ற மரிஸ்ட் சகோதரர், தானும் அயர்லாந்திலிருந்து வந்தவர், நகரத்தின் கிழக்குப் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம் உதவும் என்று அவருக்குத் தோன்றியது. 1887 நவம்பரில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூட்டம் கூடி செல்டிக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1888 மே மாதம் முதல் ஆட்டத்திலேயே ரேஞ்சர்ஸை 5–2 என்று வென்றார்கள். மைதானத்தையும் தொண்டர்களே உழைத்து உருவாக்கினார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கென்று தொடங்கிய கழகம் கொஞ்ச வருஷத்திலேயே தொழில்முறைக் கழகமாக, கம்பனியாக மாறிவிட்டது. அதில் சண்டையும் இருந்தது. ஆனாலும் அந்தச் சனத்துக்கு ஞாயிறு பூசைக்கு அடுத்தபடியாகத் தலைநிமிர்ந்து போக ஒரு இடம் கிடைத்தது.

கார்ன்காட்டுப் பையன்

கிளாஸ்கோவில் கார்ன்காட் என்ற பகுதிக்கு 'சின்ன அயர்லாந்து' என்றே பேர். அயர்லாந்திலிருந்து வந்த ஏழைப் பெற்றோருக்கு அங்கேதான் 1904 ஏப்ரலில் மெக்ரோரி பிறந்தார். ஊர்த் தேவாலயத்தோடு சேர்ந்த செயின்ட் ரோக்ஸ் கழகத்தில் ஆடினார். 1922 இல் செல்டிக் அவரை எடுத்தது. ஒரு பருவம் கிளைட்பாங்க் கழகத்துக்கு இரவல் கொடுத்து, திரும்ப அழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு 1937 இல் ஓய்வு பெறும் வரை செல்டிக் மட்டும்தான்.

ஆள் உயரம் கிடையாது. ஆனால் தோள் அகலம், கழுத்து உரம். பக்கவாட்டிலிருந்து வரும் பந்துக்குப் பாய்ந்து தலையால் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1928 ஜனவரியில் டன்ஃபர்ம்லினுக்கு எதிரான ஒரே லீக் ஆட்டத்தில் எட்டு கோல் அடித்தார். 1935–36 பருவத்தில் லீக்கில் மட்டும் 50 கோல். அந்த வருஷம் செல்டிக் சாம்பியன். மேல்மட்ட லீக்கில் அவர் ஆடியது 408 ஆட்டங்கள், சராசரியாக ஆட்டத்துக்கு ஒரு கோல். பிரித்தானியாவின் மேல்மட்ட லீக்குகளில் அவ்வளவு கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை.

எண்களை விட எங்களைப் பிடித்து நிறுத்தியது ஒரு சம்பவம். 1928 இல் லண்டனின் ஆர்செனல் கழகம் அவரை வாங்க வந்தது. 10,000 பவுண்ட் அளவுக்கு விலை பேசினார்கள், அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. மேனேஜர் வில்லி மேலிக்கு விற்க விருப்பம்தான். மெக்ரோரி ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். தன் சனத்தின் கழகத்தை விட்டுப் போக மனசில்லை. அதற்குப் பரிசு என்ன தெரியுமா? அதே அணியில் ஆடிய மற்றவர்களை விட அவருக்கு வாரச் சம்பளம் குறைவு. அது அவருக்குத் தெரியவந்தது பின்னாளில்தான்.

விசுவாசம் என்று இதைக் கொண்டாடுவார்கள். நாங்கள் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம். "தோட்டம் நம்ம தோட்டம், கம்பனி நம்ம கம்பனி" என்று சொல்லிச் சொல்லியே கொழுந்துக்குச் சரியான விலை தராமல் விட்ட கதை நமக்குத் தெரியும். 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருஷம் ரோட்டில் உட்கார்ந்தோம், 2021 இல்தான் அது வந்தது. கழகம் சொந்தச் சனத்தின் கழகமாகவே இருக்கட்டும். கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறவன் உழைக்கிறவனின் பாசத்தையும் கணக்கில் கழித்துக்கொள்வான்.

இன்னொன்று. இவ்வளவு கோல் அடித்தவருக்கு ஸ்கொட்லாந்து தேசிய அணியில் கிடைத்தது வெறும் ஏழு ஆட்டம். 1933 இல் ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றபோது ரெண்டு கோலும் அவருடையவை. அப்படியிருந்தும் ஏழுதான். செல்டிக் ஆள், அயர்லாந்துப் பிள்ளை என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று அந்தச் சனம் இன்றைக்கும் பேசுகிறது. அதே இடத்துக்கு ஹியூகி கல்லாகர் என்ற இன்னொரு பெரிய ஸ்ட்ரைக்கரும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

மெட்டியாபுரூஸிலிருந்து வந்த கால்

மெக்ரோரி 50 கோல் அடித்த பருவம் முடிந்த அதே கோடைகாலத்தில் சலீம் கிளாஸ்கோ வந்தார்.

கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஏழு வயதிருக்கும்போது, 1911 ஜூலை 29 இல், மோகன் பகான் அணி ஈஸ்ட் யோர்க்‌ஷயர் படையணியை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கியது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். வெள்ளைக்காரனை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடிக்கலாம் என்று அந்தத் தலைமுறைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சலீம் பல கழகங்களில் ஆடிவிட்டு முகமதன் ஸ்போர்ட்டிங்கில் விங்கராக நிலைத்தார். 1898 இல் தொடங்கிய கல்கத்தா லீக்கை 1934 வரை வென்றதெல்லாம் வெள்ளைக்கார அணிகள். 1934 இல் முகமதன் வென்றது. அங்கிருந்து 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாக அவர்கள்தான். அந்த அணியில் ஓரமாகப் பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடியவர் சலீம்.

கிளாஸ்கோவின் ஸ்கொட்ஸ்டன் பகுதியில் அவருடைய உறவுக்காரர் ஹாஷிம் கடை வைத்திருந்தார். 1936 இல் சலீமைக் கப்பலில் கூட்டிப்போனதும், நேராக வில்லி மேலியிடம் போய்ப் பேசியதும் இந்த ஹாஷிம்தான். இந்தியாவிலிருந்து பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார், ஒரு தடவை ஆட விட்டுப் பாருங்கள், ஆனால் ஒரு சின்னப் பிரச்சினை, அவர் வெறுங்காலோடு ஆடுவார் என்று சொன்னாராம். மேலிக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனாலும் ஆட விட்டார். பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

சலீமின் பாதத்துக்குத் துணிக்கட்டு போட்டுவிடும் ஒரு புகைப்படம் இருக்கிறது. கட்டுப்போடுகிறவர் ஜிம்மி மெக்மெனமி, ஒரு காலத்தில் செல்டிக்கின் பெரிய ஆட்டக்காரர், அப்போது பயிற்சியாளர். பிரித்தானியப் பேரரசின் உச்சத்தில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து ஒரு இந்தியரின் பாதத்தைப் பிடித்திருக்கிறார். நாங்கள் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக சலீம் ஆடியது ரெண்டு ஆட்டம். கால்ஸ்டனுக்கு எதிராக 7–1, ஹமில்டனுக்கு எதிராக 5–1. ஹமில்டன் ஆட்டத்தில் ஒரு பெனல்டி கோலும் அடித்தார். கால்ஸ்டன் ஆட்டம் 1936 ஒகஸ்ட் 28. மறுநாள் ஸ்கொட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் போட்ட தலைப்பு 'இந்திய ஜக்லர் – புதிய பாணி'.

பாராட்டுத்தான். ஆனால் ஜக்லர் என்றால் வித்தைக்காரன். மெக்ரோரி தலையால் அடித்தால் அது ஆட்டம், சலீம் பந்தை விரலில் நிறுத்தினால் அது வித்தை. கிழக்கிலிருந்து வருகிறவன் என்றாலே பாம்பாட்டி, கயிற்றில் நடக்கிறவன். கொழுந்து பறிக்கும் பெண்களின் கைவேகத்தைத் தேயிலைப் பெட்டியில் படமாகப் போட்டுவிட்டு, அதே வேகத்தைத் தொழில்திறன் என்று சம்பளத்தில் கணக்குப் பண்ணாத புத்தியும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை.

செல்டிக் அவரை வைத்துக்கொள்ள விரும்பியது. சலீமுக்கு வீட்டு ஞாபகம் தாங்க முடியவில்லை, ஊர் திரும்பிவிட்டார். முழுப் பருவத்துக்கான ஒப்பந்தமோ முதல் அணி ஆட்டமோ நடக்கவே இல்லை. வயது 32, அந்நிய நாடு, பேச ஆள் இல்லை. கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய் மூணாம் மாசமே பஸ் ஏறித் திரும்பி வந்த பிள்ளைகள் நம்ம லயங்களில் எத்தனை பேர்? அவர்களைக் கேலி பண்ணுகிறவர்கள் சலீமை நினைத்துக்கொள்ளுங்கள்.

பல வருஷத்துக்குப் பிறகு, வயதாகிப் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். காசு கேட்பது நோக்கம் இல்லை, அப்பாவை அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன் என்று அவர் பின்னாளில் சொன்னார். செல்டிக் 100 பவுண்ட் வங்கிக் காசோலை அனுப்பியது. குடும்பம் அதை மாற்றவே இல்லை, பத்திரமாக வைத்துக்கொண்டது. சலீம் 1980 இல் காலமானார். மெக்ரோரி 1945 இலிருந்து இருபது வருஷம் செல்டிக் மேனேஜராக இருந்துவிட்டு 1982 இல் காலமானார்.

வெறுங்காலைக் கொண்டாடுவதா?

இந்தக் கதையைச் சொன்னால் எங்க பக்கத்தில் உடனே ஒரு பெருமை கிளம்பும். "நம்ம பயலுகளும் வெறுங்காலில்தானே ஆடுறானுங்க!" கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 2–1 என்றுதான் தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். உலகம் கைதட்டியது. நாலு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10–1. அதற்குப் பிறகு இந்தியாவில் சப்பாத்தைக் கட்டாயமாக்கினார்கள். 1956 மெல்பேர்னில் நெவில் டி சூசா அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், அணி நாலாவது இடத்துக்கு வந்தது. 1960 ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜ். வெறுங்கால் ஆட்டக்காரர்களின் திறமை உண்மை. அவர்களுக்குச் சப்பாத்து கிடைக்காததும் உண்மை. முதலாவதைச் சொல்லி ரெண்டாவதை மறைக்கக்கூடாது.

நமக்கு ஏன் ஒரு சலீம் இல்லை?

சலீம் கிளாஸ்கோவில் ஆடி நாலு வருஷம் ஆவதற்குள், 1940 ஜனவரியில், முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். சங்கம் வைக்கவே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் கழகம் வைப்பது எப்படி?

பிறகு 1948 குடியுரிமைச் சட்டம். 1952 இல் இலங்கை பீபாவில் சேர்ந்து சர்வதேச ஆட்டங்களுக்குப் போனபோது மலையகத்தில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். குடியுரிமை இல்லாதவனுக்குப் பாஸ்போர்ட் இல்லை, பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு நாட்டுச் சட்டை இல்லை. மெக்ரோரிக்குத் தேசிய அணியில் ஏழு ஆட்டம்தான் கொடுத்தார்கள் என்று அயர்லாந்துச் சனம் இன்றும் கோபப்படுகிறது. எங்க தாத்தாமாருக்கு அந்த வாசலே இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அந்தப் பக்கமும் 3,00,000 பேரை இந்தப் பக்கமும் பிரித்தது. ஒரு தோட்டத்து டீமில் பாதிப் பேர் கப்பல் ஏறிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்க 2003 வரை சட்டம் வந்துகொண்டே இருந்தது.

காகிதம் சரியான பிறகும் நிலம் சரியாகவில்லை. மலையில் சமதரை அபூர்வம், இருக்கிற சமதரையில் ஃபெக்டரியோ பங்களாவோ நிற்கிறது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு மைதானம் என்பது துரை மனசு வைத்தால் கிடைப்பது. நோர்வூட் மைதானம் மாதிரி ஒன்றிரண்டு உண்டு, அங்கே போய்வர பஸ் காசு வேண்டும். அதனால் எங்க உதைபந்தாட்டம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆடுகிற ஆட்டமாகவே நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து பயலுகள் லீவில் வருவார்கள், ரெண்டு நாள் சுற்றுப்போட்டி, ஒரு கிண்ணம், ஒரு சண்டை, மறுபடி பஸ்.

சலீமை கிளாஸ்கோ வரைக்கும் கொண்டுபோனது காலில் இருந்த திறமை மட்டும் இல்லை. வாராவாரம் ஆட ஒரு லீக் இருந்தது, அவரை வளர்க்க ஒரு கழகம் இருந்தது, கதவைத் தட்ட ஒரு ஹாஷிம் இருந்தார். மெக்ரோரிக்கும் தேவாலயத்துக் கழகம், அதற்கு மேலே செல்டிக் என்று படி இருந்தது. நமக்கு லயத்து வாசலும் தெரியும், டீவியில் உலகக் கிண்ணமும் தெரியும். நடுவில் படியே கிடையாது.

படி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லி முடிக்கிறோம். இந்தியாவின் மணிப்பூரில் சின்ன வயதில் பையன்களோடு ஆடிய ஒரு பெண், ங்காங்கோம் பாலா தேவி. ஸ்ட்ரைக்கர். ஊரில் பெண்கள் கழகங்கள் இருந்தன, மாநிலப் பொலிஸில் விளையாட்டுக்காக வேலை இருந்தது, பதினைந்து வயதிலேயே இந்திய அணிக்கு ஆடினார். 2020 ஜனவரியில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கழகம் அவருக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தது. சில வாரத்தில் கொரோனா வந்து லீக்கே நின்றுபோனது. அவர் திரும்பி ஓடவில்லை. அந்த வருஷ டிசம்பரில் மதர்வெல்லுக்கு எதிராக முதல் கோல் அடித்தார். ஐரோப்பாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் இந்தியப் பெண். சலீம் போய் 84 வருஷம் கழித்து, அதே ஊரில், எதிர்க் கழகத்தில்.

எங்க தோட்டங்களில் பந்து உதைக்கிற பெண்பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். பள்ளிக்கூட அணியோடு அவர்களின் ஆட்டம் முடிந்துவிடாமல் இருக்க, ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன், பொகவந்தலாவைத் தோட்டங்களைச் சேர்த்து மாதம் ரெண்டு ஞாயிறு ஆடுகிற ஒரு சின்ன லீக் போதும். தொடங்க கம்பனியும் மந்திரியும் வரத் தேவையில்லை. ஒரு மைதானத்துக்கு எழுத்தில் அனுமதி, ஒரு கணக்குப் புத்தகம், அதை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கிற ஒரு ஆள். கொழும்பில், சென்னையில், லண்டனில் இருக்கிற நம்ம ஆட்களில் ஒருவராவது ஹாஷிம் மாதிரி ஒரு கழகத்தின் கதவைத் தட்டட்டும். இந்தக் கார்த்திகைக்கு முன்னால் நோட்டனில் ஒரு கூட்டம் போடலாம் என்று இருக்கிறோம். வருகிறவர்கள் உங்க தோட்டத்துப் பழைய டீமின் ஆட்டக்காரர்கள் பெயர்களை அம்மாச்சி, தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. பட்டியலை அங்கிருந்து தொடங்குவோம்.